போர்ட்லாந்து சாசன ஆணையத்தின் பணி: ஒரு வாக்காளரின் மதிப்புரை

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்தில், 1913 முதல் மேயரும் நான்கு ஆணையர்களும் நகரச் சட்டங்களை இயற்றியதோடு, துறைகளையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு நிர்வகித்து வந்தனர். இம்முறையை மாற்றுவதற்காக, நகரின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைப் பரிசீலிக்கும் 20 பேர் கொண்ட சாசன ஆணையம் முன்வைத்த திட்டத்தை 2022 நவம்பரில் வாக்காளர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஏற்றனர். அதன்படி 2024 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் வாக்களித்தவன் என்ற முறையில், ஆணையத்தின் பணியைப் பெரிதும் பாராட்டுகிறேன்.

தபாலில் வந்த வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே ஒன்று முதல் ஆறு வரையிலான விருப்பங்களுக்கு நிரப்பவேண்டிய சிறு வட்டங்கள் வரிசையாக இருந்தன. நகரம் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, நகர மன்றத்துக்குத் தொகுதிக்கு மூவர் தேர்ந்தெடுக்கப்படுவதால், 25 விழுக்காட்டுக்கு மேல் பெறுபவர் வெல்கிறார். அவருடைய உபரி வாக்குகளும் கடைசியில் நிற்பவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்திற்கு மாற்றப்படுகின்றன. நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் பின்பற்றும் முறையும் அடிப்படையில் இதுவே. நகர் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தபோது மன்றத்தில் அரிதாகவே இடம்பெற்ற கிழக்குப் பகுதிக்கு இப்போது உறுதியாக மூன்று இடங்கள் கிடைக்கின்றன. இந்த ஒரு பயனுக்காகவே மாற்றத்தை வரவேற்கலாம். ஆனால் சில தொகுதிகளில் சுமார் 30 பேர் போட்டியிட்டதால், ஆறு பேரைத் தேர்ந்து வரிசைப்படுத்துவது உழைப்பைக் கோரியது. அத்தனை பேரைப் பற்றியும் படிக்க நேரமில்லாத உழைப்பாளிக்கு அந்தச் சீட்டு மலைப்பைத் தந்திருக்கும். அவருக்கு நகரம் இன்னும் விரிவாக வழிகாட்டியிருக்க வேண்டும்.

சம்பள விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. மன்ற உறுப்பினர்கள் தமக்குத் தாமே சம்பளம் நிர்ணயிக்கும் சங்கடத்தைத் தவிர்த்து, மனிதவளத் துறையில் அனுபவமுள்ள ஐவர் கொண்ட தனிச் சம்பள ஆணையத்திடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அது உறுப்பினருக்கு ஆண்டுக்கு 1,33,207 டாலரும் மேயருக்கு 1,75,463 டாலரும் நிர்ணயித்தது. தொகை பெரிதென்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனினும், வேறு வருமானமோ சொத்தோ இல்லாதவரும் முழுநேரமாக மக்கள் பணி செய்ய இச்சம்பளம்தான் வழிவிடுகிறது என்பதால் நான் அதை முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

ஆணையத்தின்மீது எனக்கு இரு வருத்தங்கள் உண்டு. வாக்குமுறை, தொகுதிகள், நிர்வாக அமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியாக்கி 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் கேட்டது முதலாவது. ஒன்றை விரும்பி மற்றொன்றை மறுக்க நினைத்தவருக்கு அங்கே இடமிருக்கவில்லை. உறுப்பினர் எண்ணிக்கையை 12 என்ற இரட்டைப்படையில் வைத்தது இரண்டாவது. 2025 ஜனவரியில் மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டத்திலேயே வாக்குகள் 6–6 எனச் சமமாகி, பல சுற்றுகள் வரை இழுபறி நீடித்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டிய சாசன ஆணையம், அடுத்த முறை இந்த எண்ணிக்கையை முதலில் பரிசீலிக்க வேண்டும்.