மடெய்ராவா, சாவ் மிகெலா? மேகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்

லிஸ்பன் வரை போகிறவர்களுக்கு, அட்லாண்டிக் நடுவிலுள்ள எரிமலைத் தீவு ஒன்றையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. தோட்டங்களும் மலையுச்சிக் காட்சிகளும் நடைபாதைகளும்தான் நோக்கம் என்றால், தேர்வு பெரும்பாலும் இரண்டு தீவுகளில் வந்து நிற்கும்: ஒன்று மடெய்ரா, மற்றொன்று அசோரஸ் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவான சாவ் மிகெல். இரண்டும் போர்ச்சுகலைச் சேர்ந்தவை, ஒரே ஷெங்கன் விசா போதும். பரப்பளவும் ஏறக்குறைய ஒன்றுதான், 740 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். லிஸ்பனிலிருந்து மடெய்ராவுக்கு விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். சாவ் மிகெலுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும். செலவை வைத்து ஒன்றை ஒதுக்க முடியாது. இரண்டிலும் பேருந்து உண்டு என்றாலும் காட்சிமுனைகளைச் சுற்ற வாடகைக் கார் வேண்டும்.

இரண்டிலும் நடந்திருக்கிறேன். இன்னொரு முறை போக வாய்த்தால் மடெய்ராவுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். அந்தச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடெய்ராவில் வசந்த காலத்தில் நிதானமாகத் தங்க முடிந்தது. சாவ் மிகெலைக் கோடையின் தொடக்கத்தில், அதைவிடக் குறைந்த அவகாசத்தில் பார்த்தேன். கிழக்குக் கோடியான நோர்டெஸ்டெயைக் காரில் கடந்ததோடு சரி. குளிர்காலத்தில் இரண்டு தீவுகளையும் பார்த்ததில்லை.

என் முடிவுக்குக் காரணம் மேகம். பயணக் குறிப்புகள் பலவும் "வானிலை மாறக்கூடியது" என்று ஒரு வரியில் இதைக் கடந்துவிடுகின்றன. இந்தத் தீவுகளில் நீங்கள் என்ன பார்ப்பீர்கள், எதைப் பார்க்காமல் திரும்புவீர்கள் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

மடெய்ராவில் மேகம் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு தீவின் வடக்குச் சரிவில் மோதி மேலேறுகிறது, குளிர்ந்து மேகமாகிறது. அதற்கு மேல் உலர்ந்த, வெதுவெதுப்பான காற்று அடுக்கு ஒன்று இருப்பதால் மேகம் அதைத் தாண்டி வளர்வதில்லை. ஆண்டின் பல நாட்களில் மேகம் மலையின் நடுப்பகுதியில் ஒரு பட்டையாகவே நிற்கிறது. தீவின் உச்சியான பிக்கு ருய்வு 1,862 மீட்டர்; கார் போகும் பிக்கு டு அரியெய்ரு 1,818 மீட்டர். ஆக, கீழே ஃபுன்ஷால் நகரம் சாம்பல் நிறமாகக் கிடக்கும் நாளிலும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டே போனால், கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாத சில வளைவுகளுக்குப் பிறகு திடீரென்று வெயிலுக்குள் வந்துவிடுவீர்கள். மேகம் காலுக்குக் கீழே பரந்து கிடக்கும். அதைக் கிழித்துக்கொண்டு கூர்மையான எரிமலைப் பாறைகள் நிற்கும். ஜூன் மாதத்தில் ஃபுன்ஷாலைப் பல நாட்கள் மேகம் மூடிக்கொள்ளும். அப்போதும் மேலே ஏறுவதுதான் வழி.

சாவ் மிகெலில் அந்த வழி கிடையாது. அங்கே மிக உயரமான பிக்கு ட வாரா 1,100 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. புகழ்பெற்ற காட்சிமுனைகளோ அதற்கும் கீழே இருக்கின்றன. செட்டே சிடாடெஸின் பச்சை, நீல இரட்டை ஏரிகளை நோக்கும் விஷ்டா டு ரெய் என்ற முனை சுமார் 550 மீட்டர் உயரம். தீவின் மிக அழகான எரிமலைவாய் ஏரி என்று நான் கருதும் லகோவா டு ஃபோகுவைப் பார்க்க ஏறும் பாரோசா உச்சி 947 மீட்டர். மேகம் வந்தால் இந்த இடங்கள் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. அசோரஸ் இன்னும் வடக்கே, அட்லாண்டிக் தாழ்வழுத்தங்கள் கடந்துபோகும் வழியில் இருப்பதால் வானிலையும் அடிக்கடி மாறுகிறது. ஏரி அங்கேதான் இருக்கும், நீங்களும் அதன் விளிம்பில்தான் நிற்பீர்கள், நடுவே வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஃபோகு ஏரி எனக்கு ஒரு முறை சில நிமிடங்களுக்குத் திறந்தது. செட்டே சிடாடெஸ் நன்றாகவே திறந்தது. காட்சிமுனைகளின் நேரலைக் கேமராக்களைக் காலையில் கைபேசியில் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுப்பது அங்கே வழக்கம். அந்த ஏற்பாடு நிஜமாகவே உதவுகிறது. ஆனால் தீவு முழுவதும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் கேமரா என்ன செய்யும்?

மடெய்ராவில் என்னைக் கட்டிப்போட்டது, அதே மேகத்திலிருந்துதான் மற்ற எல்லாமே பிறக்கின்றன என்பது. அந்த ஈரப் பட்டைக்குள் வாழ்வது லவ்ரிசில்வா எனப்படும் லாரல் மரக் காடு. ஒரு காலத்தில் தென் ஐரோப்பாவில் பரவியிருந்த இந்த வகைக் காடு, பனியுகங்களில் அங்கே அழிந்து இத்தகைய தீவுகளில் மட்டும் தங்கிவிட்டது. மடெய்ராவில் எஞ்சியிருக்கும் சுமார் 15,000 ஹெக்டேரை 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. மரங்களின் இலைகளிலும் பாசியிலும் மூடுபனி படிந்து சொட்டுகிறது. எரிமலைப் பாறை அந்த நீரை உறிஞ்சிக்கொண்டு ஊற்றாக வெளியே விடுகிறது. அந்த ஊற்று நீரை மழை கொட்டும் வடக்கிலிருந்து வறண்ட தெற்கின் கரும்பு வயல்களுக்குக் கொண்டுபோக 15ஆம் நூற்றாண்டிலேயே வாய்க்கால்கள் வெட்டத் தொடங்கினார்கள். அடிமைகளின் உழைப்பும் அதில் உண்டு. லெவாடா எனப்படும் இந்த வாய்க்கால்களின் மொத்த நீளம் இன்று 2,000 கிலோமீட்டருக்கு மேல். இன்றும் அவை வாழைத் தோட்டங்களுக்குப் பாய்கின்றன. முறை வைத்து மடை திறந்துவிட லெவடெய்ரு என்ற பணியாளர் இருக்கிறார். நம் ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி என்ற பணியாளர் செய்யும் அதே வேலை.

நடப்பவருக்கு இதில் கிடைக்கும் லாபம் என்னவென்றால், தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதற்காக வெட்டிய வாய்க்காலின் கரை கிட்டத்தட்டச் சமதளமாகவே இருக்கும். மூச்சு வாங்காமல், முழங்காலைச் சோதிக்காமல், செங்குத்தான மலைக்குள் மணிக்கணக்கில் நடக்கலாம். கெய்மாடாஸிலிருந்து கால்டெய்ராவ் வெர்டெ வரை ஒரு வழி ஆறரை கிலோமீட்டர். குகைப்பாதைகளைக் கடக்க டார்ச் கட்டாயம் வேண்டும், முடிவில் உயரத்திலிருந்து விழும் அருவி. இத்தனை தூரம் வேண்டாம் என்பவர்கள் ரிபெய்ரு ஃப்ரியுவிலிருந்து பால்கோய்ஸ் முனைக்குப் போகலாம். ஒரு வழி ஒன்றரை கிலோமீட்டர்தான், வயதானவர்களும் நடக்கலாம், சிறு குருவிகள் பயமில்லாமல் அருகில் வந்து உட்காரும். ஓர் எச்சரிக்கை: பல லெவாடாக்களில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கம்பித் தடுப்பு இருந்தாலும் பயமாகத்தான் இருக்கும்.

அரியெய்ருவிலிருந்து ருய்வுவுக்குப் போகும் புகழ்பெற்ற முகட்டுப் பாதை முற்றிலும் வேறு ரகம், படிக்கட்டுகளும் குடைவுகளுமாக ஏறி இறங்கும். 2024 ஆகஸ்ட் காட்டுத்தீக்குப் பிறகு அது நெடுநாள் மூடப்பட்டிருந்தது. எனவே கிளம்பும் முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எதற்குக் கட்டணம் என்பதை அதிகாரபூர்வப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ருய்வு உச்சிக்கு அஷாடா டு டெய்ஷெய்ராவிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான இன்னொரு பாதை இருக்கிறது.

சாவ் மிகெலின் நடைபாதைகளும் இனிமையானவைதான். ஃபயால் ட டெர்ரா கிராமத்திலிருந்து சால்டு டு ப்ரேகு அருவிக்குப் போய் வரும் வட்டப்பாதையில் நடந்தேன், மனநிறைவாக இருந்தது. தீவின் பசுமை கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் பசுமையில் பெரும்பகுதி குடியேறியது: மேய்ச்சல் நிலம், ஜப்பானிலிருந்து வந்த கிரிப்டோமேரியா மரங்கள், வேலியாக நிற்கும் ஹைட்ராஞ்சியா, இமயமலைப் பகுதியிலிருந்து வந்து மலைச்சரிவையே ஆக்கிரமித்துவிட்ட மஞ்சள் பூ இஞ்சிச்செடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு லவ்ரிசில்வாவின் மதிப்பு இன்னும் கூடியது. ஹைட்ராஞ்சியா பூத்த ஜூலைச் சாலைகளை ரசிப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தோட்டங்கள் என்று வரும்போது சாவ் மிகெலுக்குத்தான் என் ஓட்டு. ஃபுர்னாஸ் பள்ளத்தாக்கின் டெர்ரா நோஸ்ட்ரா பூங்காவுக்கு 18ஆம் நூற்றாண்டில் வித்திட்டவர் தாமஸ் ஹிக்லிங் என்ற அமெரிக்க வணிகர். இரும்புச் சத்தால் பழுப்பேறிய வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு, தலைக்கு மேல் மழை தூற, சுற்றிலும் பெருமரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மழை நாளை இப்படி வரவாக்கும் தோட்டம் மடெய்ராவில் இல்லை. வெளிர்நிற நீச்சலுடை மட்டும் வேண்டாம், கறை போகாது. அந்த ஊரில் பூமியின் சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகும் கொசிடு இறைச்சி உணவு. சைவர்களுக்கு வெந்நீர் ஊற்றில் அவித்த சோளக்கதிர் கிடைக்கும். 1883 முதல் இயங்கும் கொர்ரியானா தேயிலைத் தோட்டமும் பக்கத்தில்தான்.

மடெய்ராவில் கேபிள் காரில் ஏறிப் போகும் மொன்டி பாலஸ் தோட்டம் புகழ்பெற்றது. ஓடுகளும் சிலைகளும் குளங்களும் அங்கே அதிகம், எனக்கு நெரிசலாகப் பட்டது. பிளாண்டி குடும்பம் 1885இல் வாங்கிய பல்யெய்ரு தோட்டத்தில்தான் மனம் நின்றது. குளிர்காலம் முதல் வசந்தம் வரை அங்கே கமேலியா பூக்கும். அவகாசம் குறைவென்றால் மொன்டியை விட்டுவிட்டு இங்கே போங்கள்.

மடெய்ராவைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கடலுக்குள் தூண்கள் நட்டு நீட்டிய அதன் ஓடுபாதையில் பக்கவாட்டுக் காற்று வலுத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப்போகும், புறப்பாடும் தள்ளிப்போகும். ஊருக்குத் திரும்பும் நீண்ட விமானத்தை அதே நாளில் போடாமல், லிஸ்பனில் ஓர் இரவு இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.