850 வெள்ளி (ரிங்கிட்) போச்சு: கிரானைட் மேடையைப் பழுது பார்க்க ஆள் தேடுகிறவர்கள் கவனம்

எங்கள் சமையல் மேடையைப் பழுது பார்க்க வந்தவன் நேற்று இரவு என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அதனால் இனி பொறுப்பதில்லை, எழுதிவிடுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கள் வீடு. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்து சேர்த்த சேமநிதியில்தான் சமையல் மேடைக்குக் கல் போட்டோம். பிளாக் கேலக்சி. ஆந்திராவின் சீமகுர்த்தியில் எடுக்கிற கல், கறுப்பில் பொன் பொடி தூவினாற்போல் மினுக்கும். போன மாதம் அம்மிக் குழவி நழுவி விழுந்து, சிங்க் பக்கத்து விளிம்பு கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் தேடினேன். வந்தவன் நம்மாள். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தான். விரலை நனைத்துக் கல்லில் தேய்த்து, "நனைஞ்சா தெரியுற நிறம்தான்க்கா பாலிஷ் போட்ட நிறம். அதைப் பார்த்துத்தான் கலப்பேன், ஒட்டினதே தெரியாது" என்றான். வேலை தெரிந்தவன் பேச்சு. அங்கேதான் விழுந்தேன். செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் என்றதும், 500 வெள்ளியை நேராக அவன் கணக்கில் போட்டேன். முடிந்ததும் 350. மொத்தம் 850 வெள்ளி.

இரண்டு மணி நேரம்கூட இருக்கவில்லை. போகும்போது பளபளவென்றுதான் இருந்தது. நாலாம் நாள் மேடை துடைத்த துணி கறுப்பாக வந்தது. துடைக்கத் துடைக்கச் சாயம் கழன்று, உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு. நடுவில் தார் அப்பினாற்போல் அவன் அடைத்த பசை. ஒரு பொன் பொட்டுகூட இல்லை.

கல் வேலை செய்யும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். கறுப்புக் கல்லைத் தேய்த்தால் முதலில் வெளுக்கத்தான் செய்யுமாம். வைரத் தேய்ப்பு வட்டைச் சொரசொரப்பானதிலிருந்து நைசானதுக்கு 50, 100, 200, 400 என்று 3000 வரை தண்ணீர் விட்டு ஏற்றினால்தான் பழைய கருமை திரும்பும். இவன் பாதியில் நிறுத்தி, சாய மெழுகைத் தடவி மறைத்திருக்கிறான். எப்போக்சிப் பசையில் கல் தூளும் மினுக்குப் பொடியும் சேர்க்காமல் வெறும் கறுப்பைக் கலந்திருக்கிறான்.

போன் அடித்தால், "மழைக்கா, நாளைக்கு வரேன்." அடுத்த வாரம், "ஈப்போல வேலை." அப்புறம், "கல்லே பழசு, என்ன சோப்பு போட்டீங்க?" என்று அம்மா மேலேயே பழி. செயலிக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டே வரி. 850 வெள்ளி! வருகிறவர் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அந்த மூலையில் துண்டை விரித்து வைத்திருக்கிறார்.

சரி, நீங்களாவது கேளுங்கள். பணத்தை நேராகக் கொடுக்காதீர்கள். கலவையைத் துண்டுக் கல்லில் காயவைத்துக் காட்டச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்ததும் வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். கறுப்பு ஒட்டினால் மீதிப் பணம் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வாட்ஸ்அப் பேச்சையும் வங்கி ரசீதையும் அச்செடுக்க நாளைக் காலையில் கடைக்குப் போகிறேன்.