பெரிய குதிரைக்கு எந்த ட்ரெய்லர்? மூன்று வகையும் ஓர் அளவு நாடாவும்

எங்கள் பெல்ஜியன் குதிரை 18 கை உயரம். ஒரு கை என்றால் 4 அங்குலம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டில் அளப்பார்கள். ஆக, தோள்மேடே ஆறடி. எடை 2,000 பவுண்டுக்கு முன்னே பின்னே, அதாவது 900 கிலோ. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுன்டிப் பக்கம் இந்த அளவு குதிரையை யாரும் நின்று பார்ப்பதில்லை. குதிரை பூட்டி உழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் குடும்பங்களின் வயலில் இதே சாதி நான்கைந்து சேர்ந்து ஏர் இழுப்பது அன்றாடக் காட்சி. ஆனால் குதிரையை ஏற்றி பிக்கப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர் விற்கும் இடத்துக்குப் போனால், வரிசையாக நிற்பதெல்லாம் 15 கை உயரச் சவாரிக் குதிரையான குவார்ட்டர் ஹார்ஸை மனதில் வைத்துச் செய்தவை.

கிடைப்பவை மூன்று வகை. ஸ்ட்ரெயிட் லோடில் குதிரைகள் பக்கம் பக்கமாக, வண்டி போகும் திசையைப் பார்த்து நிற்கும். ஸ்லான்ட் லோடில் கோணலாக, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஸ்டாக் ட்ரெய்லர் என்பது மாடு ஏற்றும் வண்டிதான். தனித்தனி அறை கிடையாது, நடுவில் ஒரு கதவு, பக்கவாட்டில் காற்று வர நீளமான இடைவெளிகள், அவ்வளவே. நாங்கள் வாங்கியது இந்த மூன்றாவது: 20 அடி நீளம், 7 அடி அகலம், ஏழரை அடி உயரம், கூஸ்நெக் (பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மாட்டும் வகை). அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

உயரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வழக்கமான வண்டியின் உட்புறம் 7 அடி. எங்கள் குதிரையின் தோள்மேட்டுக்கு மேல் அதில் மிஞ்சுவது ஓர் அடி. நிமிர்ந்தாலே தலை கூரையில் இடிக்கும். ஏழரைக்குக் குறைந்ததைப் பார்க்கவே வேண்டாம், 8 அடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் குதிரைகளில் மிக உயரமானது என்று 2010-இல் கின்னஸ் பதிந்த விஸ்கான்சின் மாநிலத்து பிக் ஜேக் என்ற பெல்ஜியன் 20 கையையும் தாண்டியவன். அந்த அளவுக்குப் போனால் சொல்லிச் செய்வதுதான் வழி என்று நினைக்கிறேன்.

உயரம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். நீளத்தைக் கேட்பவர்கள் குறைவு. 'வார்ம்பிளட் சைஸ்' (பெரிய சவாரிக் குதிரைக்கு), 'டிராஃப்ட் சைஸ்' (எங்களுடையதைப்போல பாரம் இழுக்கும் குதிரைக்கு) என்று வண்டிகளில் எழுதியிருப்பதற்குப் பொது அளவு எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் டிராஃப்ட் இன்னொரு கம்பெனியின் வார்ம்பிளட். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

குதிரையின் நீளத்தை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குளிர்காலப் போர்வை வாங்கியிருந்தால் அளவு ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வால் வரை அங்குலத்தில் அளந்துதான் போர்வை விற்கிறார்கள். சாதாரணக் குதிரைக்கு 75, 78. எங்களுடையதற்கு 88. உடம்பின் வளைவோடு அளப்பதால் நேர்க்கோட்டில் சில அங்குலம் குறையும். அப்படியும் 7 அடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இது உடம்பு மட்டும். கழுத்தும் தலையும் முன்னால் நீட்டிக்கொள்ள இன்னும் மூன்று அடி வேண்டும்.

ஸ்லான்ட் லோடைக் கழித்தது இந்தக் கணக்குதான். மனைவிக்கு அந்த வகைமேல் ஆசை. சேணம் வைக்க அழகான அறை, ஒவ்வொரு குதிரைக்கும் தனித் தடுப்பு, ஏற்றி இறக்க ஒரே ஆள் போதும் என்று அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே சரியானவை. 6 அடி அகல வண்டியில் 45 பாகைக் கோணத்தில் குறுக்காக அளந்தால் எட்டரை அடி வரும். விற்பவர் சொல்லும் எண் இது. ஆனால் குதிரை ஒரு கோடு இல்லை, அதற்கு அகலம் உண்டு. 45 பாகையில் சாய்த்து வைத்த செவ்வகம் தன் அகலத்தின் அளவுக்கு நீளத்தை இழக்கும். உடம்பு இரண்டரை அடி அகலம் என்று வைத்தால் மிஞ்சுவது 6 அடி. 7 அடி அகல வண்டியில் கிட்டத்தட்ட 10 அடி குறுக்களவு. அதில் இரண்டரை போனால் ஏழரைக்கும் சற்றுக் குறைவு. தலைப்பக்கம் ஒடுங்குவதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், பிட்டத்துப் பக்கம் கிடைக்காது. உடம்பு அடங்கிவிடும்தான். ஆனால் கழுத்தை மடக்கி, மூக்கைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

8 அடி அகலத்திலும் வருகிறது. நெடுஞ்சாலைகளில் 102 அங்குலம் வரை அனுமதி உண்டு. கணக்குப்படி அதில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த அகலத்துக்குச் சக்கரங்களைத் தளத்துக்கு அடியில் தள்ளுவதால் தளம் மேலே போகிறது, விலையும் கூடவே போகிறது. டிராஃப்ட் குதிரை வைத்திருக்கும் சிலர் மூன்று குதிரை ஸ்லான்ட் லோடில் ஒரு தடுப்பைக் கழற்றிவிட்டு இரண்டை ஏற்றுகிறார்கள். நடக்காமல் இல்லை. மூன்று அறைக்குக் காசு கொடுத்துவிட்டுத் தடுப்பைக் கொட்டகையில் சாத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்ட்ரெயிட் லோட் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. நாங்கள் அளந்த சாதாரண வண்டிகளில் நெஞ்சுக் கம்பிக்கும் பின்கம்பிக்கும் இடையே ஆறரை அடிதான் இருந்தது. பெரிய குதிரைக்கென்றே செய்தவற்றில் அது ஏழு அடியைத் தாண்டும். கம்பியை முன்பின் நகர்த்தி மாட்டத் துளைகளும் இருக்கும். ஒரே குதிரை என்றால் நடுத் தடுப்பைக் கழற்றிவிட்டு முழு அகலக் கம்பி போட்டுக்கொள்ளலாம். தடுப்பு இருந்தே ஆகவேண்டும் என்றால் தளம் வரை இறங்காததைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் குதிரை காலை அகட்டித்தான் விழாமல் நிற்கும். அகட்ட விடாத தடுப்பு அதைப் பயமுறுத்தும். ஒற்றைக் குதிரையை ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம் ஏற்றுவது இங்கே வழக்கம். சாலை நடுவில் மேடாகவும் வலது ஓரம் சரிவாகவும் இருப்பதுதான் காரணம்.

இவ்வளவும் இருந்தும் நான் ஸ்டாக் பக்கம் போனதற்குக் காரணம் குதிரையின் தலை. மேய்கிற பிராணி அது. நாளின் பெரும்பகுதி தலையைத் தாழ்த்தியே இருக்கும். மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் அப்படித்தான் வெளியே வடிகின்றன. தலையைத் தூக்கியபடி மணிக்கணக்கில் கட்டி வைத்தால் அந்த அழுக்கு நுரையீரலை நோக்கி இறங்கும். நீண்ட பயணத்துக்குப் பிறகு வரும் நுரையீரல் தொற்றை இங்கே 'ஷிப்பிங் ஃபீவர்' என்கிறார்கள். தலை தாழ்த்த முடியாமல் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நின்று நின்று ஓட்டுங்கள், நிறுத்தும் இடத்தில் தலையை அவிழ்த்துவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். ஸ்ட்ரெயிட் லோடில் மார்புக்குக் குறுக்கே கம்பி, பல வண்டிகளில் அதற்கு முன்னால் தீவனத் தொட்டி. எங்கள் குதிரையின் கழுத்து நீளத்துக்குத் தலையைக் கீழே கொண்டுபோக அங்கே இடமே இல்லை.

20 அடி ஸ்டாக்கில் நடுக்கதவைச் சாத்தினால் முன்னால் கிடைப்பது 10-க்கு 7 அடி அறை. 7 அடி உடம்பு, மூன்று அடி கழுத்தும் தலையும் என்று மேலே சொன்ன கணக்கு இதில் நேராகவே அடங்குகிறது. 16 அடி வண்டி வாங்கியிருந்தால் 8-க்கு 7 தான் கிடைத்திருக்கும். அது ஸ்லான்ட் லோடைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. 'ஸ்டாக் வாங்கினால் போதும், இடம் தாராளம்' என்று சொல்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. கட்டாமல் விட்ட குதிரைகள் பல, வண்டி ஓடும்போது பின்னோக்கித் திரும்பிக் கோணலாக நின்றுகொள்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான்; வலது பின்மூலையில் மூக்கை வைத்துக்கொண்டு, பிரேக் அடிக்கும்போது பிட்டத்தைச் சாய்த்துச் சமாளிக்கிறது. எப்படி நின்றால் வசதி என்பதை அதுவே முடிவுசெய்ய விடுவது எனக்குச் சரியாகப்படுகிறது.

குறையும் உண்டு. திடீரென்று நிறுத்தினால் தாங்க நெஞ்சுக் கம்பி கிடையாது, சுவரில் மெத்தை கிடையாது. ஓட்டுபவருக்குப் பொறுமை வேண்டும், முன்னால் போகும் வண்டியிலிருந்து தாராளமாக விலகி ஓட்ட வேண்டும். ஏற்றும்போது ஆள் உள்ளே போய்த்தான் வரவேண்டும். ஒரு டன் பிராணிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர முன்பக்கம் ஒரு பக்கக் கதவு இல்லாத ஸ்டாக் வண்டியை வாங்காதீர்கள். இன்னொன்று, ஒற்றைக் குதிரையை முன் அறையில்தான் நிறுத்த வேண்டும். ஆக்சிலுக்குப் பின்னால் 2,000 பவுண்டு நின்றால் பிக்கப்பின்மேல் இறங்கவேண்டிய பாரம் குறைந்து, வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும்.

எடைக்கு வருவோம். 'இரண்டு குதிரை வண்டி' என்று சொல்லும்போது 1,000, 1,100 பவுண்டுக் குதிரையை வைத்துத்தான் சொல்கிறார்கள். 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சில் இரண்டு போட்ட வண்டியின் மொத்த அனுமதி 7,000. வண்டியின் சொந்த எடையே 3,000-ஐத் தாண்டும். எங்களுடையதைப்போல இரண்டை ஏற்றினால் வைக்கோலுக்கும் தண்ணீருக்கும்கூட இடம் இல்லை. எங்கள் ஸ்டாக்கில் 7,000 பவுண்டு ஆக்சில் இரண்டு. இதை இழுக்க 'முக்கால் டன்' என்று விற்கும் கனமான ரக பிக்கப் வேண்டும், சாதாரண 'அரை டன்' ரகம் போதாது. டிரெய்லரின் அனுமதி எடை 10,000-ஐயும், பிக்கப்போடு சேர்ந்த அனுமதி 26,000-ஐயும் தாண்டினால், வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு வணிக உரிமம் பற்றிய கேள்வி வரும். வாங்கும் முன் டிரெய்லரின் அனுமதி எடையையும் பிக்கப்பின் அனுமதி எடையையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில் தளம்தான் எல்லாம். குதிரை எடையில் பத்துக்கு ஆறு பங்கு முன்கால்களில் இறங்கும், நாலு பங்கு பின்கால்களில். சும்மா நிற்கும்போதே எங்களுடையதன் ஒரு முன்குளம்பு 600 பவுண்டு அழுத்துகிறது. வளைவில் எல்லாம் ஒரே காலுக்கு வந்தால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 12 அங்குலத்துக்கு ஒன்று இருந்தால் நல்லது, 16 பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். பலகைத் தளம் என்றால் ரப்பர் பாயைத் தூக்கிக் காயவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அலுமினியத் தளம் மக்காது, ஆனால் மூத்திரம் அதை அரித்துக் குழி விழவைக்கும். ஒவ்வொரு முறையும் பாயைத் தூக்கிக் கழுவ வேண்டும். பெரிய குதிரையின் மூத்திரமும் பெரிய அளவு. எங்களுடையது பலகைதான். ஒரு பலகை போனால் அதை மட்டும் மாற்ற ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள்.

பழைய வண்டி வாங்குவோர் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம்.

குளிர்காலத்தில் பக்க இடைவெளி வழியே காற்று அடிப்பது பலருக்குத் தயக்கம் தரும். கனத்த உடம்புக் குதிரைக்கு ஒஹாயோ குளிரைவிட ஜூலை வெக்கைதான் ஆபத்து. மூடிய வண்டிக்குள் அதன் உடம்புச் சூடே போதும். கண்ணில் தூசி விழாமல் ஈ முகமூடி மாட்டுகிறோம், கடுங்குளிரில் இடைவெளிகளுக்குப் பிளாஸ்டிக் தகடு. பட்வைசர் பீர் கம்பெனியின் கிளைட்ஸ்டேல் குதிரைக் குழு காற்று சஸ்பென்ஷன் போட்ட 50 அடி வண்டிகள் மூன்றில் பயணம் செய்கிறது என்று சொல்லி மகள் பெருமூச்சு விடுகிறாள். அது பீர் விற்கும் காசு.

மறுவிற்பனையில் ஸ்டாக்குக்கு ஒரு சௌகரியம் உண்டு. குதிரைக்காரர் வராவிட்டால் மாட்டுக்காரர் வருவார். டிராஃப்ட் அளவு ஸ்ட்ரெயிட் லோடைத் தேடுபவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் தேடுபவர் நல்ல விலை கொடுப்பார் என்கிறார்கள். நான் இரண்டையும் விற்றதில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன்.

ராம்ப், அதாவது ஏறும் சாய்பலகை விஷயத்திலும் என் அனுபவம் குறைவு. எங்கள் குதிரை ஒன்றேகால் அடிப் படியைச் சாதாரணமாக ஏறிவிடுகிறது, அதனால் ராம்ப் இல்லாத வண்டியே போதுமாக இருந்தது. மூட்டு வலியுள்ள கிழட்டுக் குதிரை, அதுவும் ஒன்றே ஒன்று, கால்நடை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அரை மணி நேர ஓட்டம் என்றால் நானே ஸ்டாக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். ராம்ப் வைத்த பெரிய ஸ்ட்ரெயிட் லோடை வாங்கி, நடுத் தடுப்பைக் கழற்றிவிடுங்கள். ராம்பின் கீலும் ஸ்பிரிங்கும் எவ்வளவு எடைக்கு என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.