தாத்தாவின் இரண்டு இனிஷியல்: ஆறு வருஷ டிஎன்ஏ தேடல் அனுபவம்

தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ‘பெ’. 1953-ல் பதிவான தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் ‘மு’. அப்பா பெயர்தானே இனிஷியல், அது எப்படி இரண்டு என்று சின்ன வயதில் கேட்டபோது பெரியவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். 2018-ல்தான் முறையாகத் தேட ஆரம்பித்தேன். இதே மாதிரி குழப்பம் உள்ள குடும்பங்களுக்கு என் அனுபவம் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வீட்டில் தெரிந்த கதை இவ்வளவுதான். தாத்தாவின் அம்மாவான பூட்டியை முதலில் ஆண்டிபட்டி பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கணவர் 1921 வாக்கில் மண்டபம் முகாம் வழியாகச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி தலைமன்னாரில் இறங்கும் காலம் அது. அதன் பிறகு அவரிடமிருந்து சேதி இல்லை. பூட்டி அறுத்துக்கட்டி (தாலியை அறுத்து மறுமணம் செய்து), ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே உசிலம்பட்டி பக்கம் வந்தார். தாத்தா கைப்பிள்ளையாக வந்தவர் என்று சிலர் சொன்னார்கள், இங்கே வந்த பிறகு பிறந்தவர் என்று சிலர் சொன்னார்கள். பிறப்புப் பதிவேடு கேட்டு அலைந்தேன். நான் தேடிய வருஷத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

அப்புறம்தான் டிஎன்ஏ. நாங்கள் வாங்கியது கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து அனுப்பும் வகை. எச்சில் துப்பி அனுப்பும் வகையும் உண்டு, ஆனால் வயதானவர்களுக்கு வாய் உலர்ந்துவிடும், தேய்ப்பதுதான் லேசு. முதலில் அப்பாவுக்கும், தாத்தாவின் தங்கை சின்ன அப்பத்தாவுக்கும் எடுத்தோம். அவர் பூட்டிக்கு இரண்டாம் கணவர் மூலம் பிறந்த மகள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்போது அவருக்கு 86 வயது. மாதிரி எடுக்குமுன் அரை மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது. வெற்றிலையை விட்டு அவ்வளவு நேரம் அவர் இருந்ததே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: “பாதி ரத்தம்னு வந்தா அவரு எனக்கு அண்ணன் இல்லைன்னு ஆயிருமாடா?”

என்ன முடிவெல்லாம் வரலாம் என்பதை அவரிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் பேச்சில்லை அது. அன்றைக்கு எடுக்காமல் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு, “வந்து எடுத்துக்கோ” என்றார். அந்த மாதிரியும் போதாது என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. இரண்டாம் முறைதான் தேறியது. இங்கே கூரியர்காரர்கள் வாங்க மறுத்ததால், ஊருக்கு வந்திருந்த சிங்கப்பூர் மச்சான் கையில் கொடுத்து அனுப்பினோம்.

முடிவில் அப்பாவுக்கும் சின்ன அப்பத்தாவுக்கும் பொதுவாக இருந்தது 1,240 சென்டிமார்கன் (பொது டிஎன்ஏவை அளக்கும் அலகு, எண் கூடினால் உறவு நெருக்கம்). நம் ஊர்க் குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். உடன்பிறந்த அத்தை என்றால் சராசரியாகச் சுமார் 1,750 இருக்கும். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொது என்றால் சுமார் 870. நடுவில் நிற்கிற 1,240-க்கு இணையக் கணிப்பான் இரண்டு உறவையும் காட்டியது. ஆனால் தாத்தா கட்டியது தாய்மாமன் மகளை. அதாவது என் அப்பத்தாவும் சின்ன அப்பத்தாவும் மாமன் மகள், அத்தை மகள். அந்த வழியில் மட்டும் அப்பாவுக்குச் சுமார் 430 கூடுதலாக வரும். முழு அத்தையாக இருந்தால் 2,100-ஐத் தாண்டியிருக்க வேண்டும். பாதி உறவென்றால் 1,300-ஐ ஒட்டி வரும். வந்தது 1,240. சொந்தத்தில் கட்டிய வீடுகளில் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முதலில் கல்யாண உறவுகளை வரைந்துகொள்ளுங்கள். டிஎன்ஏ தரவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஜெட்மேட்ச் தளத்தில் பெற்றோர் இருவரும் உறவா என்று பார்க்கும் வசதி இருக்கிறது, தரவை ஏற்றினால் இலவசம்தான்.

அடுத்து ஒய் குரோமோசோம் சோதனை. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, பங்காளி வகையறா மாதிரி. ஆண்டிபட்டி பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் போனேன், பூட்டியின் முதல் கணவருடைய அண்ணன் பேரன். “ஜோதிமாணிக்கத்தில் யூனிவர்சிட்டிக்காரங்க ரத்தம் எடுத்தாங்களே, அதுவா?” என்றார். காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு அந்த ஊர்க்காரரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் குறியீடு இருப்பதைக் கண்டறிந்த வேலை அது. பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய இடப்பெயர்ச்சியைச் சொல்வது அந்தக் குறியீடு, எனக்கு வேண்டியது நூறு வருஷத்துச் சங்கதி என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார். 37 குறியீட்டில் அப்பாவோடு 36 பொருந்தியது. உசிலம்பட்டி பங்காளி ஒருவருக்கும் எடுத்தோம், அது கிட்டத்தில்கூட வரவில்லை.

சரி, வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஆளை ஒய் சொல்லாது. அண்ணன் தம்பி எல்லோருக்கும் அது ஒன்றுதான். அந்த இடத்தில் கைகொடுத்தது தாத்தாவின் 1947 கல்யாண மொய் நோட்டு. ‘பங்காளி வகை’ என்ற தலைப்பில் முதல் பக்கம் முழுக்க உசிலம்பட்டி பெயர்கள். கடைசியில் கோடு போட்டு, ஆண்டிபட்டி பக்கத்து ஊரிலிருந்து நான்கு பேர். முதல் பெயருக்கு நேரே நீல மையில் ‘பெரியப்பா, ரூ. 5, நெல் 1 மரக்கால்’. அந்தப் பெயர் ஆண்டிபட்டிப் பெரியவரின் தாத்தா பெயர். அந்த ஆள் என் தாத்தாவுக்குப் பெரியப்பா என்றால், சிலோனுக்குப் போன தம்பிதான் தகப்பன். ஊரறிய மொய் எழுதும்போது யாரும் அதை மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் பிறகு வந்தவர்கள்தான்.

பத்திரத்துக்கும் வருகிறேன். நான் தேடியபோது இணையத்தில் வில்லங்கச் சான்று 1975-லிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டியிருந்தது. நகல் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதில் பூட்டியின் இரண்டாம் கணவர் தாத்தாவை ‘எனது மூத்த குமாரர்’ என்று எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கு 1 ஏக்கர் 20 சென்ட், தம்பிக்கும் அதே 1 ஏக்கர் 20 சென்ட். கிணற்றில் இருவருக்கும் சரிபாதி முறைத் தண்ணீர். ஸ்வீகாரம், வளர்ப்பு என்ற சொல்லே ஏழு பக்கத்தில் எங்கும் இல்லை. சின்ன அப்பத்தாவுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னார்.

இன சதவீத வரைபடத்துக்காக மட்டும் யாரும் பணம் கட்ட வேண்டாம். கிட்டத்தட்ட முழுக்கத் தென்னிந்தியா என்று வரும், அது நமக்கே தெரியும். பணம் இருந்தால் வீட்டில் மூத்தவர்களுக்கு முதலில் எடுங்கள். சின்ன அப்பத்தா 2021-ல் போய்விட்டார், அவருடைய டிஎன்ஏ மாதிரி மட்டும் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பெயருக்குப் பதில் புனைபெயரில் பதியுங்கள். 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது.

டிஎன்ஏ ஒத்துப்போகும் ஆட்களின் பொருத்தங்கள் மெதுவாகத்தான் சேரும், இங்கே சோதனை செய்தவர்கள் குறைவு. எனக்கு நான்காம் வருஷம் வந்தது ஒன்று: கனடாவில் இருப்பவர், பூர்வீகம் இலங்கை மலையகம் என்று குறித்திருக்கிறார். அப்பாவோடு 104 சென்டிமார்கன், ஆண்டிபட்டிப் பெரியவரோடும் பொருந்துகிறது, சின்ன அப்பத்தாவோடு ஒன்றுமே இல்லை. சிலோனுக்குப் போனவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அவரை எந்தத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார்கள் என்று மட்டும் கேட்கச் சொல்கிறார் அப்பா.