விரை உறைப் புற்றுநோய்: ஊசியா ஸ்கேனா, உறையை மட்டும் எடுப்பதா விரையோடு எடுப்பதா?

மீசோதீலியோமா, அதாவது உறுப்புகளைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் என்றால், நுரையீரல் உறையும் ஆஸ்பெஸ்டாஸும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். விரையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலும் அது வரும், மிக அரிதாக. கரு வளரும்போது வயிற்று உறையிலிருந்து இறங்கி வந்ததுதான் இந்த உறை. ஆஸ்பெஸ்டாஸ் பக்கமே போகாதவர்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. சாதாரண ஹைட்ரோசீல் மாதிரி, விதைப்பையில் நீர் கோத்த வீக்கமாகவே தெரிவதால் ஏமாந்துபோவது எளிது.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிச் சோதிக்கலாம், அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம். என் ஓட்டு ஸ்கேனுக்குத்தான். நீரில் புற்றணு அகப்படவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஊசி போன வழியில் அணுக்கள் சிந்தும் ஆபத்தும் உண்டு. ஸ்கேனில் உறை தடித்திருப்பதோ, உள்பக்கம் முண்டுமுண்டாக இருப்பதோ தெரிந்தால் உடனே உஷாராகிவிடலாம். ஆனால் ஸ்கேன் சந்தேகத்தைத்தான் எழுப்பும், உறுதிசெய்வது திசுப் பரிசோதனைதான். விரைப் புற்றுநோய்க்கான வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் இதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது.

அறுவையில்தான் வித்தியாசம் பெரிது. உறையை மட்டும் வெட்டியெடுத்தால் விரை தப்பும். இளைஞர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயமே. ஆனால் 1998-இல் 73 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, உறையை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 36 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியிருந்தது. கவட்டை வழியாக விரையையும் சேர்த்து எடுத்தவர்களில் அது சுமார் 12 சதவீதம். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது விரையைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதைப்பையைக் கீறி விரையை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அந்த 12 சதவீத அளவுதான். ஆனாலும் முன்பே சந்தேகம் இருந்தால் கவட்டை வழிதான் சரி: விதைப்பைத் தோலின் நிணநீர் வேறு பாதையில் ஓடுகிறது, அங்கே கீறினால் நோய்க்குப் புது வழி திறக்கக்கூடும்.

சரி, ஹைட்ரோசீல் என்று நினைத்து அறுவை செய்தபின் தெரியவந்தால்? பலருக்கு அப்படித்தான் தெரிகிறது. மறுபடி அறுவை செய்து விரையை முழுதாக எடுப்பதே வழக்கம்.

பரவிவிட்டால் பெமெட்ரெக்ஸட், சிஸ்பிளாட்டின் கீமோ. அது நுரையீரல் உறை நோயிலிருந்து கடன் வாங்கிய சிகிச்சை, இந்த நோய்க்கென்று பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. திரும்பும் நோய் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் திரும்புவதால், அந்தக் காலத்தில் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது.