ஒரே ரோபோ, இரண்டு நூலகங்கள்

நூலகத்திலிருந்து புத்தக அலமாரிகளை எடுத்துவிட்டால், காலியாகும் இடத்தில் என்ன செய்வது? அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் கிட்டத்தட்ட ஒரே இயந்திர ஏற்பாட்டை வைத்துக்கொண்டு இதற்கு நேரெதிரான விடை சொல்லியிருக்கின்றன. ஒன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் மன்சுவேட்டோ நூலகம், 2011-இல் திறந்தது. மற்றது ராலி நகரில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகம், 2013.

இயந்திரம் இரண்டிலும் ஒரே மாதிரிதான். புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்குவதில்லை, உயரம் பார்த்து உலோகப் பெட்டிகளில் போடுகிறார்கள். எந்தப் புத்தகம் எந்தப் பெட்டியில் என்பது கணினிக்கு மட்டுமே தெரியும். கேட்டால் ரோபோ கை பெட்டியை இழுத்து வருகிறது, சில நிமிடங்களில் புத்தகம் கைக்கு வந்துவிடும். சிகாகோவில் இந்தக் கிடங்கு தரைக்கு அடியில் சுமார் 15 மீட்டர் ஆழம், 35 லட்சம் நூல்கள் கொள்ளும். ஹன்ட்டில் 20 லட்சம். ஹன்ட்டில் இதற்குச் சாதாரண அலமாரிக்கு வேண்டிய இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போதும்.

சரி, மிச்சமான இடம்? சிகாகோவில் கிடங்குக்கு மேலே ஹெல்முட் யான் வடிவமைத்த கண்ணாடிக் கூடாரம். அதனுள் நீண்ட மேசைகள், சுமார் 180 இருக்கைகள், வானம், அமைதி. பேசிப் படிக்க வேண்டுமானால் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் ரீகன்ஸ்டைன் நூலகத்துக்குப் போகலாம்.

ஹன்ட்டில் கதை வேறு. ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில் குழுவாக உட்கார்ந்து படிக்க மட்டுமே ஏறத்தாழ 100 அறைகள். நாலு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவருடைய மடிக்கணினியைப் பெரிய திரையில் போட்டுவிட்டுப் பலகையில் கிறுக்கிக்கொண்டே சண்டை போடலாம். வெளியே ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. தவிர, கணினி விளையாட்டு ஆய்வுக்கூடம், தரவுகளைச் சுவர் நிறையக் காட்டும் கூடம். இதே பல்கலைக்கழகத்தில்தான் ராபர்ட் பெய்க்னர் இயற்பியல் வகுப்பை 7 அடி வட்ட மேசைகளுக்கு மாற்றினார்: மேசைக்கு 9 பேர், மூன்று மூன்று பேராக மூன்று குழு. வகுப்பிலேயே இப்படிப் படிக்கிறவர்களிடம் நூலகத்தில் மட்டும் 'உஷ்' என்றால் எடுபடுமா?

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ரோபோ அதைக் கச்சிதமாகச் செய்கிறது. ஆனால் வாசகர் தானே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் திறந்த முறைக்காகவும் அவர்தான் வாதாடினார். தேடிப்போன புத்தகத்துக்குப் பக்கத்தில் தேடாத ஒன்று கண்ணில் படுமே, அது பெட்டிக்குள் நடக்காது. ஹன்ட் இதற்காகத் திரையிலேயே பக்கத்துப் புத்தகங்களைக் காட்டும் வசதி செய்தது. சமாளிப்புதான். சிகாகோவுக்கு அந்தக் கவலை குறைவு. புரட்டிப் பார்க்கும் புத்தகங்கள் ரீகன்ஸ்டைன் அலமாரிகளிலேயே இருக்க, மின்வடிவில் கிடைக்கும் பழைய ஆய்விதழ்கள் போன்றவைதான் பெரும்பாலும் கீழே போயின.

புத்தகங்களை நடத்திய விதத்தில் என் ஓட்டு சிகாகோவுக்கு, மாணவர்களை நடத்திய விதத்தில் ஹன்ட்டுக்கு. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்று கேட்டால், ரோபோவை விட்டுவிட்டு ஹன்ட்டின் அறைகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மன்சுவேட்டோவுக்கு 8.1 கோடி டாலர் செலவானது, ஹன்ட்டுக்கு 11 கோடிக்கு மேல். கதவும் பலகையும் மேசைக்கு மேசை பிளக் பாயின்ட்டும் அவ்வளவு கேட்காது. நான் படித்த நூலகத்தில் பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான், தூணுக்குப் பின்னால். அந்த நாற்காலிக்குக் காலை எட்டு மணிக்கே யாராவது துண்டு போட்டுவிடுவார்கள்.