கையா, பெட்ரோலா: கடைசியில் வீட்டில் தங்கிய புல்வெட்டி

“என்னங்க, நம்மகிட்ட புல் அதிகமா, மெஷின் அதிகமா?” என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் ஐந்து பழைய புல்வெட்டிகள் இருந்தன. பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பங்களாக்கள் இடிந்து அபார்ட்மென்ட் எழுந்த நாட்களில், பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியவை. இப்போது அந்தப் பித்து தெளிந்துவிட்டது. மூன்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சம் இரண்டு: கையால் தள்ளும் குவால்காஸ்ட் கம்பெனி மெஷின், வில்லியர்ஸ் பெட்ரோல் என்ஜின் வைத்த அட்கோ கம்பெனி மெஷின். ஒன்றுக்குத்தான் இடம்.

சத்தம், எடை, பெட்ரோல் செலவு எல்லாம் தெரிந்த கதை. அழகில் அட்கோதான். அந்தப் பச்சை பெயிண்டுக்காகவே வாங்கினேன். ஆனால் பராமரிப்பு என்று வந்தால் பேச்சே வேறு.

இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். போன மழைக்காலத்தில் டேங்கைக் காலி செய்யாமல் விட்டது என் தப்பு. திறந்து பார்த்தால் கார்புரேட்டருக்குள் வெள்ளையாகப் பொருக்கு. ஜே.சி. ரோட்டில் ஒரு மெக்கானிக் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதுக்கு கேஸ்கெட் இங்கே கிடைக்காது, வெட்டித்தான் போடணும்” என்றார். கசிவை அடைக்கும் அந்த அட்டையை வெட்டிப் போட்டார். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் மறுபடியும் அதே கதை.

குவால்காஸ்டில் கெட்டுப்போக அதிகம் இல்லை. 1830இல் முதல் புல்வெட்டிக்கு எட்வின் படிங் பேடன்ட் வாங்கிய அதே ஏற்பாடுதான்: துணியின் பிசிறை வெட்டும் மில் மெஷினைப் பார்த்து வந்த யோசனை. சுழலும் உருளையின் பிளேடுகள் கீழே அசையாமல் இருக்கும் பிளேடை உரசும்போது கத்தரிக்கோல் போலப் புல் வெட்டுப்படும். அந்த உரசல் சரியாக இருந்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை பிளேடில் வால்வ் கிரைண்டிங் பேஸ்டை (என்ஜின் வால்வைத் தேய்க்கும் சொரசொரப்பான பசை) தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றுவேன். முதலில் ‘கரகர’ என்று பிராண்டும். கால் மணி நேரத்தில் சத்தம் ஒரே சீராகும். பேஸ்டை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, செய்தித்தாள் துண்டை நடுவில் நீட்டிப் பார்ப்பேன். ஒரு முனையில் வெட்டி மறுமுனையில் மடங்கினால் அந்தப் பக்கத்து ஸ்குருவை அரைக்கால் சுற்று. இதைச் செய்யும்போது விரல் பத்திரம். எனக்குக் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஜூலைத் தூறலில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் அருகம்புல் படுத்துக்கொள்ளும், கை மெஷின் அதன் மேலேயே ஏறிப் போய்விடும். அங்கே என்ஜின் இருந்தால் நல்லதுதான். கிரவுண்ட் கணக்கில் புல்தரை வைத்திருப்பவருக்கு என் முடிவு பொருந்துமா என்று சொல்லத் தெரியவில்லை; என்னுடையது இருபதுக்குப் பதினைந்தடி.

விற்பனை விலை பற்றியும் பெரிதாகப் பேச மாட்டேன், விற்றது ஒன்றுதான். அட்கோவை இந்திராநகரில் காபிக் கடை திறக்கும் பையன்கள் எடுத்துப் போனார்கள். இப்போது வாசலில், புல் கூடையில் மணி பிளான்ட்டோடு நிற்கிறது. ஓடுமா என்று அவர்கள் கேட்கவே இல்லை.